கேம் கன்ட்ரோலர் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போன கதை



லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "புதுசா வாங்கிச் சொருகினேன், கேம் இந்த கன்ட்ரோலரை எடுக்கவே மாட்டேங்குது." உண்டியல் காசில் வாங்கிய சாமான். பையனுக்கு முகம் சுண்டிப்போகிறது. பெரும்பாலும் அது பழுதான பொருளே அல்ல. இதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

இரண்டு கருவிகள் ஒத்துப்போக மூன்று உடன்பாடுகள் வேண்டும். ஒன்று, வடிவம் பொருந்த வேண்டும். இரண்டு, ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிய வேண்டும். மூன்று, சொல்லும் சொல்லுக்கு இரண்டும் ஒரே பொருள் கொள்ள வேண்டும்.

1981-ல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, ஜாய்ஸ்டிக் மாட்டுவதற்கென்றே ஒரு கார்டையும் விற்றது. அதில் 15 துளை உள்ள போர்ட் இருந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன், அவ்வளவுதான் அது தாங்கும். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் தன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டிலேயே அந்தப் போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதன்பின் அது பரவலானது.

வடிவம் மட்டும் பொருந்தினால் போதுமா? 90-களில் டி.வி.யில் மாட்டி விளையாடினீர்களே, கேசட் போடும் வீடியோ கேம், அவற்றில் பலவற்றின் ரிமோட்டுக்கு 9 துளை பிளக். கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த சீரியல் போர்ட்டிலும் 9 ஊசி. சொருகினால் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஒன்றும் நடக்காது.

பேச்சிலும் சிக்கல் இருந்தது. பழைய ஜாய்ஸ்டிக்குக்குள் இருந்தது ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு போன்ற ஒன்று. குச்சி சாய்ந்தால் மின்தடை மாறும். கம்ப்யூட்டர் நேரத்தை எண்ணி அதை அளக்கும். வேகமான கம்ப்யூட்டர் அதே நேரத்தில் கூடுதலாக எண்ணிவிடும். அதனால் "குச்சியை இந்த மூலைக்குத் தள்ளு, அந்த மூலைக்குத் தள்ளு" என்று அளவைச் சரிசெய்த பிறகே பல கேம்களை விளையாட முடிந்தது.

இதைத் தீர்த்ததில் நம் நாட்டில் பிறந்தவருக்குப் பெரும் பங்கு உண்டு. வடோதராவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1990-ல் இன்டெலில் சேர்ந்த அஜய் பட் அவர். ஒரு பிரிண்டரை மாட்டுவதற்கு ஏன் இத்தனை பாடு என்று யோசித்தவர். இன்டெல் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கைகோத்து, 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. வந்தது. இன்டெல் அதற்கு உரிமைத்தொகை கேட்கவில்லை. யு.எஸ்.பி.யில் சொருகிய கருவி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும்: "நான் கேம்பேட், எனக்கு 10 பட்டன், 2 குச்சி." 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் நீங்கள் பென் டிரைவ் சொருகியபோது நடந்ததும் இதே அறிமுகம்தான்.

ஆனால் 10 பட்டன் என்றதே தவிர, முதல் பட்டன் எது என்று அது சொல்லவில்லை. ஒரு கம்பெனிக்கு அது கீழே, இன்னொன்றுக்கு மேலே. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வந்தபோது, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற முறையைக் கொண்டுவந்து, எந்தப் பட்டன் எது என்று முடிவு கட்டியது. நம் பக்கம் 30-ஆம் கவுண்ட் நூல் என்றால், எந்த மில்லிலிருந்து வந்தாலும் நிட்டிங்காரருக்குப் புரிகிறதல்லவா? அதுபோல. ஒரே வித்தியாசம், கவுண்ட் எல்லோருக்கும் பொது. இதுவோ ஒரு நிறுவனம் போட்ட கணக்கு. நாளடைவில் பல கேம்கள் அதை மட்டுமே கேட்க ஆரம்பித்தன. மற்ற கேம்பேடுகள் நன்றாக இருந்தும் ஒதுக்கப்பட்டன. பிள்ளைகளின் புகார் பிறக்கும் இடம் இதுதான்.

பட்டனின் பொருளை முடிவு செய்ததில் பெரிய நன்மையும் உண்டு. பொருள் உறுதியானால் வடிவம் எதுவாகவும் இருக்கலாம். 2018-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது. அதன் பின்பக்கம் 19 துளைகள். காலால் மிதிக்கும் சுவிட்சு, முழங்கையால் தட்டும் சுவிட்சு எதையும் மாட்டி, அதையே ஏ பட்டன் ஆக்கலாம். கை விரல் ஒத்துழைக்காத குழந்தையும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுகிறது. ஒரு வாத்தியாராக எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, வீட்டில் கிடக்கும் கேம்பேடை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள். முதலில் திருப்பிப் பாருங்கள். லாஜிடெக் எஃப்310 போன்றவற்றில் எக்ஸ், டி என்று ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். புது கேமுக்கு எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். சுவிட்சு இல்லையென்றால் ஸ்டீம் மென்பொருளின் கன்ட்ரோலர் அமைப்பில் பட்டன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஐ.டி. வேலையில் இருக்கும் கண்ணுகளா, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். எஸ்.டி.எல். என்ற திறந்த மென்பொருளுக்காக, எந்த கன்ட்ரோலரில் எந்தப் பட்டன் எங்கே என்று பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் எழுதி வருகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மலிவு கேம்பேடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் காசு வீணாகாமல் இருக்கும்.