தொண்டிக் கடலும் காரைக்குடிப் பழைய சாமான் தெருவும்



தீபாவளி முடிந்துவிட்டது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் சில வாரங்கள் இவை. வருஷம் முழுக்க மருந்தோடும் தாளோடும் உழைத்த குடும்பங்கள் வேன் பிடித்துக் கடல் பார்க்கக் கிளம்பும் காலம். திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போகிறீர்கள். இந்த முறை வேறொரு கடற்கரையைச் சொல்கிறேன். திரும்பி வரும் வழியில் பார்க்க வேண்டிய ஒரு தெருவையும் சொல்கிறேன். அந்தத் தெருவில் பழைய மரச்சாமான் மலிவாகக் கிடைக்கும். அது ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் ஒரு கேள்வி. நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் உண்டா? இல்லை என்பீர்கள். 1985 மார்ச் வரை இருந்தது! 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், விருதுநகர். நடுவே சிவகங்கை, காரைக்குடி. கிழக்கே தொண்டி, ராமேஸ்வரம். எல்லாம் ஒரே மாவட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. 1985-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மலையோரமும் கரிசலும் நமக்கு வந்தன. செட்டிநாடு சிவகங்கைக்குப் போனது. கடல் ராமநாதபுரத்தோடு நின்றுவிட்டது. உங்கள் அப்பா அம்மாவின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருக்கும். ஆகவே நான் சொல்லும் கடலும் தெருவும் நம் பழைய வீட்டின் வேறு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருப்புக்கோட்டை, மானாமதுரை, சிவகங்கை வழியாகப் போய், காளையார்கோவில், திருவாடானை தாண்டினால் தொண்டி. கொச்சியில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு ஏறி, போடி இறங்கி, மதுரை வழியாக வந்து இங்கேதான் முடிகிறது. தொண்டியில் திருச்செந்தூர் மாதிரி அலை அடிக்காது. இது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், ஆழம் குறைவு. காலை நேரத்தில் கண்மாய் மாதிரி அமைதியாகக் கிடக்கும். கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் படகுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அங்கே உட்கார்ந்து அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில், மதுரைக்குள் நுழையும் கீழ்காற்றைப் பற்றி இளங்கோவடிகள் சொல்கிறார். தொண்டியிலிருந்து வந்த அகில், துகில், சந்தனம், வாசனைப் பொருட்கள், கருப்பூரம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அந்தக் காற்று வருகிறதாம். கருப்பூரம் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மரத்திலிருந்து கிடைப்பது. கிழக்குக் கடலுக்கு அப்பாலிருந்து மரமும் மணமும் நம் நாட்டுக்கு வருவது அவ்வளவு பழைய வழக்கம். பிற்காலத்தில் வந்த மரம் தேக்கு. அதைப் பார்க்கக் காரைக்குடிக்குப் போக வேண்டும்.

தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி. வீட்டுக்குத் திரும்பக் கொஞ்சம் சுற்றுதான், ஆனால் பிரயோஜனமான சுற்று. அங்கே முனீஸ்வரன் கோவில் தெரு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். தேக்குப் பீரோ, ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, நிலைக்கண்ணாடி, வீட்டுத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் நாட்டு எனாமல் தூக்கு என்று வாசல்வரை அடுக்கி வைத்திருப்பார்கள்.

சென்ற ஆண்டு அந்தத் தெருவில் எனக்கு ஒரு கைப்பெட்டி கிடைத்தது. சாய்வான மூடி, உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஓர் அறையில் மைக்கறை. சொன்ன விலை 7,500 ரூபாய். பேசி முடித்தது 4,000. அந்த மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் இன்றைக்கு ஓர் ஆசாரி கூலியே அதைவிடக் கூடக் கேட்பார். மூடியின் உள்பக்கம் நாலு எழுத்து செதுக்கியிருந்தது. கடைக்காரரிடம் விசாரித்தேன். "வீடு இடிச்சாங்க சார், பங்காளி ரொம்பப் பேரு" என்றார். அவ்வளவுதான் பதில். ஆனால் அந்த ஒரு வரிக்குள் 150 வருஷ வரலாறு இருக்கிறது.

முதலில் மரம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காட்டில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, மரத்தை நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காய விடுவார்கள். பிறகு வெட்டி, யானை கட்டி இழுத்து, ஓடையில் தள்ளி, ஐராவதி, சால்வீன் ஆறுகள் வழியாக ரங்கூன், மௌல்மீன் மர ஆலைகளுக்கு மிதக்க விடுவார்கள். இந்த வியாபாரத்துக்காகவே 1863-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி தொடங்கியது. 1885-ல் அந்தக் கம்பெனி மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லி, பர்மா அரசவை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. வெள்ளைக்காரர்கள் அதையே சாக்காக வைத்து நவம்பரில் படையெடுத்தார்கள். அந்த மாதமே மாண்டலே விழுந்தது. மன்னர் தீபா நம் நாட்டு ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டு, 1916-ல் அங்கேயே இறந்தார். 1886 ஜனவரி 1-ல் மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தது. தேக்குக் கட்டைத் தகராறில் தொடங்கிய சண்டையில் ஓர் அரசே போய்விட்டது!

அடுத்து பணம். 1852-ல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதி முகத்துவாரக் காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கி குடியானவனுக்குக் கடன் கொடுக்காது. கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூன் மொகல் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்றால் பெரிய கூடம். தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு கைப்பெட்டி. ஒரு பெட்டி என்றால் ஒரு வட்டிக்கடை. ஊரிலிருந்து போன ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புவார், அடுத்தவர் போய் உட்காருவார். 1929-30-ல் நடந்த வங்கி விசாரணையின்படி பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

அந்தப் பணம்தான் செட்டிநாட்டில் வீடாக எழுந்தது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், ஆத்தங்குடித் தரைக்கல். பெண்ணுக்குச் சீராகப் பாத்திரமும் பீரோவும் கூடம் கூடமாகச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் விலாசம் வெட்டினார்கள். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த அடையாளம் அது. என் பெட்டியில் இருக்கும் நாலெழுத்தும் அப்படிப்பட்ட விலாசம்தான்.

பிறகு சரிவு. 1930-ல் உலகமெங்கும் பொருளாதார மந்தம். நெல் விலை பாதியாகச் சரிந்தது. விவசாயியால் கடன் கட்ட முடியவில்லை, அடகு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-38-ல் 25 பங்கு. இதை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும், பிள்ளைகளே. செட்டியார் பக்கம் கேட்டால், பணத்தைக் கேட்டோம், வேண்டாத நிலம் வந்தது, அதை விற்கவும் ஆள் இல்லை என்பார். பர்மிய விவசாயி பக்கம் கேட்டால், காட்டைத் திருத்தியவன் நான், பத்திரம் அவர் கையில் என்பார். இரண்டும் உண்மை. 1930-லேயே ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைகளைக் கால்நடையாகக் கடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1952-ல் வந்த 'பராசக்தி' படத்தின் கதைக்கு இந்தச் சம்பவம்தான் பின்னணி. 1948-ல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1964-ல் பெரிய நோட்டுகளும் செல்லாமல் போயின. கடைசியாக மிஞ்சியவர்களும் கப்பலேறினார்கள்.

வெளியே வரவு நின்றுவிட்டது. ஊரில் வீடு மட்டும் நின்றது. ஒரு தலைமுறையில் நாலு பங்கு, அடுத்ததில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் ஐம்பது. ஐம்பது பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற யார் பணம் போடுவது? ஊஞ்சலை ஐம்பதாக வெட்ட முடியுமா? ஏழடிப் பீரோ அடுக்குமாடி லிப்டுக்குள் நுழையுமா? கடைசியில் எல்லோருக்கும் சுலபமாக இருப்பது ஒன்றுதான்: மொத்தமாக விற்று ரொக்கத்தைப் பிரித்துக்கொள்வது. அவசரத்துக்கு விற்பவருக்கு என்றைக்கும் நல்ல விலை கிடைக்காது. என் 4,000 ரூபாய்ப் பேரம் அப்படிப் படிந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கைநாட்டு வைத்த பர்மிய விவசாயி நிலத்தை இழந்தார். பெட்டிக்காரர் குடும்பம் பர்மாவை இழந்தது, பிறகு வீட்டையும் இழந்தது. இத்தனை பேர் இழந்த பிறகு எனக்கு லாபம்!

இது செட்டிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். விருதுநகர் சந்தை விலைப்பட்டியலில் 'உளுந்து, பர்மா வகை' என்று இன்றும் பார்க்கிறீர்கள். ஊரில் எண்ணெய் பரோட்டா என்றால் பர்மா கடை என்கிறோம். நம் இட்லி மாவு வரைக்கும் அந்த நாடு வந்திருக்கிறது.

இப்போது இன்னொரு ஆபத்து. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் அரசு தேக்கை உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. பழைய பர்மாத் தேக்குக்கு மதிப்பு கூடிவிட்டது. அதனால் பீரோவைப் பீரோவாக வாங்காமல், கன அடிக் கணக்கில் மரமாக வாங்கி அறுத்துவிடுகிறார்கள். அறுத்த பிறகு விலாசமும் போச்சு, மைக்கறையும் போச்சு. அதே 2014-ல்தான் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஊர் இருக்கிறது, வீடோ லாரியில் போய்க்கொண்டிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு நாலு யோசனை. முன்பக்கப் பாலிஷைப் பார்த்து ஏமாறாதீர்கள். இழுப்பறையை வெளியே எடுத்துப் பின்பலகையைப் பாருங்கள், பழசு என்றால் அங்கேதான் தெரியும். மூக்கை வைத்துப் பாருங்கள். தேக்குக்கு எண்ணெய்ப் பசையோடு ஒரு வாசம் உண்டு. ஒரே மாதிரி ஆறு உருப்படி இருந்தால் புதிதாகச் செய்து பழசாக்கியதா என்று சந்தேகப்படுங்கள். விலாசம் இருந்தால் பாலிஷ் போடுகிறேன் என்று இழைத்துவிடாதீர்கள்.

பேரம் பேசுவது தப்பில்லை. கடைக்காரரும் பிழைக்க வேண்டும், நாமும் பிழைக்க வேண்டும். ஆனால் "இது எந்த ஊர் வீட்டுச் சாமான்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, சொன்ன பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தச் சாமானுக்குள்ளேயே ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, வழக்கம்போல வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டியோ, முக்காலியோ, பெயர் வெட்டிய பாத்திரமோ இருக்கும். அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, யார் வாங்கியது, எந்தப் பணத்தில் வாங்கியது, யாருக்குச் சீராக வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள். பிறகு விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம்.