21க்கும் 23க்கும் நடுவில்: எஃப்டிபியின் கதை

ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை எஃப்டிபி சர்வராக மாற்றுவது பெரிய வேலை இல்லை. விண்டோஸோடு வரும் ஐஐஎஸ் போதும். இல்லையென்றால் ஃபைல்ஜில்லா சர்வர். ஒரு ஃபோல்டரைக் காட்டி, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, ஃபயர்வாலில் 21ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் முடிஞ்சுதுன்னு நினைப்போம். பக்கத்து சீட்டிலிருந்து லாகின் ஆகும். ஆனால் ஃபைல் பட்டியல் மட்டும் வராது, அப்படியே நிற்கும்.

ஏன் இப்படி? விடை தெரிய ஐம்பது வருஷம் பின்னால் போகணும்.

1971 ஏப்ரல் 16 அன்று ஆர்எஃப்சி 114 என்ற குறிப்பு வெளியானது. எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச்சில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். அப்போதைய ஆர்ப்பாநெட்டில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு சொல்லுக்கு 36 பிட், இன்னொன்றில் 32 பிட். எழுத்துகளைக் குறிக்கும் முறைகூட வேறு வேறு. இவற்றுக்கிடையே ஃபைல் உருக்குலையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை. எஃப்டிபியில் இன்றும் இருக்கும் ஆஸ்கி, பைனரி என்ற தேர்வு அந்தக் காலத்து மிச்சம்.

அடுத்தடுத்த திருத்தங்களில் கட்டளைக்கு ஒரு இணைப்பு, ஃபைலுக்குத் தனி இணைப்பு என்று பிரித்தார்கள். 1985 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 959தான் இன்றுவரை அடிப்படை. அதன்படி நாம் 21ஆம் போர்ட்டில் பேசுவோம். ஃபைலைக் கொடுக்க சர்வர் தானாகத் திரும்பி நம்மைக் கூப்பிடும். ஃபயர்வால் வந்ததும் இதில் சிக்கல் ஆரம்பித்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பை வாசலிலேயே தடுப்பதுதானே அதன் வேலை? அதனால் 1994இல் ஸ்டீவன் பெல்லோவின், ஏற்கெனவே இருந்த 'பாசிவ்' முறையைப் பயன்படுத்தச் சொன்னார். அதில் சர்வர் ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும், நாம் அங்கே போகணும். அந்த போர்ட்களை நம் சர்வரின் ஃபயர்வாலில் திறக்கவே இல்லை. பட்டியல் வராமல் நிற்பது அதனால்தான்.

இது திறந்துவிட்டால் தீரும் பிரச்சினை. பாஸ்வேர்டு விஷயம் அப்படி இல்லை. ஆர்எஃப்சி 959 பாஸ்வேர்டைத் திரையில் மறைக்கச் சொல்கிறது, ஆனால் கம்பியில் அது வெறும் எழுத்தாகவே போகிறது. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரைப் பற்றி யோசித்தவர்கள், நடுவழியில் ஒட்டுக்கேட்பவருக்கு வழி செய்யவில்லை. ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் புழங்கிய வலைக்கு அது போதுமானதாக இருந்தது.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ அதைத்தான் செய்தார்கள். கம்பியில் போன பாஸ்வேர்டுகளைச் சேகரிக்கும் நிரல் ஒன்றை ஒளித்துவைத்தார்கள், ஆயிரக்கணக்கில் சிக்கின. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனன் உட்கார்ந்து எஸ்எஸ்எச் எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வருவதற்கு நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டார், கிடைத்தது. எஸ்எஃப்டிபி என்று நாம் சொல்வது அந்த வழியாகத்தான் போகிறது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் எஃப்டிபியின் வாரிசு அல்ல, வேறு குடும்பம்.

2021இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் எஃப்டிபியைக் கைவிட்டன. ஆனாலும் பல ஆபீஸ்களில் சம்பளப் பட்டியலும் ஸ்கேன் செய்த ஆதார் நகலும் இன்னும் 21 வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, 'உள் நெட்வொர்க்தானே' என்ற தைரியத்தில். ஹெல்சிங்கியில் நடந்ததும் உள் நெட்வொர்க்கில்தான்.

விண்டோஸ் 10லேயே ஓபன்எஸ்எஸ்எச் சர்வரைச் சேர்த்துக்கொள்ளலாம், காசு இல்லை. திறக்க வேண்டியதும் ஒரே ஒரு போர்ட், 22.