குணிலும் சிட்டிகெனபுல்லையும்

முரசறையும் கோலைச் சங்க நூல்கள் குணில் என்றும் கடிப்பு என்றும் குறிக்கின்றன. கன்றையே குணிலாக எறிந்து மாயவன் கனி உதிர்த்தமையைச் சிலப்பதிகாரம் பேசுதலின், குணில் எறிதற்கும் உரிய குறுந்தடி என்பது பெறப்படும். அதிர முழங்கும் ஓரடிக்கு அத்தகு தடியே ஏற்றது.

ஐதராபாத்தில் ஆஷாட மாதப் போனாலு விழாவில் ஒலிக்கும் தப்பு இதனின் வேறுபட்டது. அதற்கு ஒத்த இருகோல்கள் உதவா. வலக்கையில் தடித்த குறுங்கோலாகிய ‘சிர்ரா’ அடியை நிறுத்தும்; இடக்கையில் மெல்லிய நெடுங்கோலாகிய ‘சிட்டிகெனபுல்ல’ இடைவெளியை விரைந்து நிரப்பும். தமிழகப் பறையில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் இவ்வாறே அமைகின்றன. பின்னதைச் சுண்டுக்குச்சி என வழங்குவாரும் உளர். தெலுங்கில் சிட்டிகெனவேலு என்பது சுண்டுவிரலாதல் ஈண்டு நோக்கத்தக்கது. இதனைக் கடனாகக் கருதுவதினும், ஒரே கைப்பழக்கம் இருமொழியிலும் ஈன்ற பெயராகக் கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து.

வேந்தன் முரசின் கோலுக்கு உரையாசிரியர் விளக்கம் உண்டு; இக்கோல்களின் பெயரையோ இசைப்போரிடமே கேட்டறிதல் வேண்டும். அவரைச் சாதி இழிவு தொடர்ந்தது. மாதிகர் இட ஒதுக்கீட்டுப் போராட்ட அமைப்பு 1994இல் தோன்றியபின் தப்பு உரிமைக் குரலாயிற்று. பட்டியல் சாதியினருள் உள்வகைப்பாடு செய்தல் ஏற்புடைத்தென உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1இல் தீர்ப்பளித்தது. தெலங்கானா அரசு அதனை 2025 ஏப்ரல் 14இல் நடைமுறைப்படுத்தியது.