குத்தகைப் பத்திரமும் கொக்குகளும்

கம்பம், உத்தமபாளையம் பக்கம் வாய்க்கால் கரையில காலையில நடந்திருக்கீங்களா? மதகு மேல நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காயவெச்சுட்டு நிக்கும். நாற்று நட்ட வயல்ல மடையான், உண்ணிக்கொக்கு, அரிவாள்மூக்கன். 'இயற்கை'ன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவோம். ஆனா இந்தப் பறவைகளோட சாப்பாட்டுக்குப் பின்னால 1886ல கையெழுத்தான ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கு.

அந்த வருஷம் அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் அரசு சுமார் 8,000 ஏக்கர் காட்டை 999 வருடக் குத்தகைக்கு மதராஸ் அரசுக்குக் கொடுத்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை பென்னிகுயிக் தலைமையில் அணை கட்டி மறித்தார்கள். மலையைக் குடைந்து சுமார் 1.7 கிலோமீட்டர் சுரங்கம். 1895 அக்டோபரில் தண்ணீர் கிழக்கே திரும்பி, வைரவனாறு வழியாகச் சுருளியாற்றில் கலந்தது. சுருளியாறு முன்பே ஓடிய ஆறுதான். ஆனா இப்போ ஊர்க்காரங்க அதையே 'முல்லைப் பெரியாறு'ன்னு கூப்பிடுறாங்க. வந்த தண்ணி, இருந்த ஆத்தோட பேரையே மாத்திடுச்சு!

மேலே தேக்கடியில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காடு முழுகியது, மரங்கள் செத்தன. ஆனா பல மரம் விழல. நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பட்ட மரங்கள் ஏரிக்குள்ள நிக்குது, நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதுலதான் கூடு கட்டுது. அணை முழுக்கடித்த காட்டின் மிச்சம் பறவைகளுக்கு வீடாகிவிட்டது. ஏரியைச் சுற்றியுள்ள காட்டை 1934ல் திருவிதாங்கூர் அரசு காப்பிடமாக்கியது. 1950ல் அது சரணாலயம், 1978ல் புலிகள் காப்பகம்.

கீழே பள்ளத்தாக்கில் கதை வேறு. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். கொக்குக்கு அந்த வயல்தான் சதுப்பு நிலம். ஆனா பட்டா நிலம், சரணாலயம் கிடையாது. நெல்லு கட்டுப்படியாகலைன்னு ஒருத்தர் தென்னை வெக்கலாம், இன்னொருத்தர் பிளாட் போட்டு விக்கலாம். அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல; கொக்குக்காக யாரும் நஷ்டத்துல விவசாயம் பண்ண முடியாது. ஆனா அணையைப் பத்தி ரெண்டு மாநிலமும் பேசும்போது 136 அடியா, 142 அடியான்னுதான் பேச்சு. அந்தத் தண்ணி கடைசியா போய்ச் சேருற வயல் என்ன ஆகுதுன்னு அந்த அளவுல தெரியாது.

வாய்க்காலும் அப்படித்தான். கரைக்கு சிமெண்ட் பூசினா கசிவு குறையும், கடைமடைக்குச் சீக்கிரம் தண்ணி போகும். இன்ஜினியரிங் படிச்சவனா எனக்கும் அது சரியான வேலையாத்தான் படுது. ஆனா மீன்கொத்தி மண் கரையில வளை தோண்டித்தான் முட்டையிடும். இடையில அங்கங்க கொஞ்ச தூரம் மண் கரையாவே விட்டா என்னன்னு கேட்கலாம், இல்லையா?