மூழ்கிய மஸ்கெலியாவும் ஓரங்குலப் படமும்

மவுசாகலை நீர்த்தேக்கம் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பழைய மஸ்கெலியா தலைகாட்டும். கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களைச் சேற்றுக்கு நடுவே பார்க்கலாம். பத்திரிகைகள் படம் போடும். ஹட்டனிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் சனம் வேன் பிடித்துப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வரும். மழை இறங்கியதும் ஊர் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அதைப் பற்றிய பேச்சும் அத்தோடு போய்விடும்.

கடந்த வறட்சியின்போது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சேர், எங்க மச்சான் ஒரு டிடெக்டர் வாங்கியிருக்காரு. பழைய மெப்ப வச்சு கடைவீதி எங்க இருந்திச்சுன்னு காட்டுவீங்களா? காசு கெடக்குமாம்" என்றான். என்னிடம் பழைய இடவிளக்கப் படங்களின் பிரதிகள் சில இருப்பது பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். அவனை அதட்டி அனுப்ப மனம் வரவில்லை. படத்தைக் கொண்டு மறைந்த ஊரைத் தேடலாம் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். எதைத் தேடுவது என்பதில்தான் எனக்கும் அவனுடைய மச்சானுக்கும் வேறுபாடு.

பிரித்தானியாவில் இது வெளிப்படையான பொழுதுபோக்கு. பழைய ஓட்னன்ஸ் சேர்வே படங்களை விரித்து வைத்து, இன்று வயலாகக் கிடக்கும் இடத்தில் முன்பு எங்கே நடைபாதை போனது, எங்கே ஆற்றைக் கடந்தார்கள், எங்கே சந்தை கூடியது என்று பார்ப்பார்கள். ஆள் நடந்த இடத்தில்தான் காசும் பொத்தானும் விழுந்திருக்கும். அங்கே 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைப் பதியும் திட்டமொன்றும் 1997 முதல் நடக்கிறது. 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் வெளிவந்த பெரும் தங்கக் குவியலும் உழுத வயலில் தனியாள் ஒருவரின் கருவியில்தான் முதலில் சத்தம் போட்டது.

நம் நாட்டு நிலைமை வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. காணிக்காரன் என்பதற்காக அது ஒருவனுக்குச் சொந்தமாகிவிடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளில் மண்வெட்டியோடு ஸ்கேனரும் சேர்ந்து வருவதை நாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதையெல்லாம் அந்த மாணவனுக்குச் சொன்னேன். "அப்ப தோண்டாம சும்மா பார்க்கலாமா சேர்?" என்றான். அதற்குத்தான் படம் என்றேன்.

உண்மையில் தோட்டப் பகுதி மண்ணில் உலோகமாக என்ன கிடக்கும்? லயத்துத் தகரம், ஆணி, மாட்டு லாடம். பனைமரம் பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதங்கள். கோப்பிக் காலத்துக் கம்பனிகள் வெளியிட்ட செப்பு டோக்கன்கள். இவை எல்லாவற்றையும்விட என் மனதை உறுத்துவது தகரத் துண்டு. 1901 முதல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்கு, போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கமும் அவனுடைய இலக்கமும் குத்திய தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அப்படி ஒன்று ஒரு தோட்டத்து லய வாசலில் கிடந்தால் அது ஒரு மனிதனின் வருகைச் சான்று. அதையே பிடுங்கிக் கொண்டுவந்து கொழும்பில் விற்றால் பழைய தகரம். பழம்பொருள் வியாபாரத்தின் மீது எனக்குள்ள கோபம் இதுதான்.

இனிப் படத்துக்கு வருவோம். இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கியது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய இடவிளக்கப் படத் தொகுதிக்கான அளவை 1897இல் ஆரம்பித்து 1924இல் முடிந்தது. அளவுத்திட்டம் 1:63,360. பின்னர் மெட்ரிக் முறைக்கு மாறியபோது 1:50,000 படங்கள் வந்தன. நம் பிள்ளைகள் சாதாரண தரப் புவியியலில் பார்ப்பது அந்தப் பிந்திய வகையை. இன்னுமொன்று சொல்ல வேண்டும்: இலங்கைப் படங்களின் சதுரக் கட்ட வலைக்கு மூலப்புள்ளி பிதுருதலாகலை உச்சி. நாட்டின் எந்த மூலையை அளந்தாலும் நுவரெலியாவிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள்.

பழைய ஓரங்குலப் படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது நீலம். புதிய படத்தில் காசல்ரீயும் மவுசாகலையும் கிளை விரித்த இரண்டு பெரிய நீலத் திட்டுகள். பழையதில் அந்த இடத்தில் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்ற இரண்டு மெல்லிய கோடுகளும் அவற்றின் கரையோரப் பாதைகளும்தான். காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுசாகலை 1969இலும் வந்தன. நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் அணை கட்டியவர்களின் கதை புத்தகத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேட்டுக்கு ஏறிய கடைவீதியின் கதை இல்லை.

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவதற்கு அசையாத புள்ளிகள் வேண்டும். நீர்த்தேக்கத்தின் கரை உதவாது, அது புதிது. ஆற்றுப் பாலங்களும் பல இடம் மாறிவிட்டன. ஹட்டன் வரை ரயில் வந்தது 1884இல். ஆகவே ஹட்டன் ஸ்டேஷனும் கொட்டகலைப் பக்கம் போகும் சிங்கமலைச் சுரங்கத்தின் வாய்களும் நம்பகமான புள்ளிகள். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் இன்னொன்று. மலை உச்சிகளில் நட்ட முக்கோண அளவைக் கற்கள் எல்லாவற்றிலும் மேல். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இவற்றைக் குறித்தால் பழைய தாள் இன்றைய செய்மதிப் படத்தின் மேல் ஓரளவு படிந்து உட்காரும். பழைய படத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை அப்படியே போனில் அடித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அடிப்படைக் கணிப்பு வேறு என்பதால் புள்ளி விலகி விழும்.

அப்படிப் படிந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இந்த அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 63 மீட்டருக்கு மேல். பென்சில் கூர் சற்று மழுங்கினால் ஒரு கடை வரிசையே அதற்குள் போய்விடும். ஆகவே டிடெக்டர்காரருக்கு இந்தப் படம் பெரிதாக உதவாது. பள்ளிவாசல் இருந்த பக்கம் மையவாடி எது, வெறும் நிலம் எது என்று படம் பிரித்துக் காட்டாது. அங்கே கருவியோடு திரிகிறவர் எதன் மீது கால் வைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மாணவனிடம் இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. சட்டத்தைச் சொன்னபோது மாறவில்லை.

தமிழ் படித்தவன் என்பதால் படத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது பெயர்களில். ஹட்டன் என்பதே ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ஒரு கிராமத்துப் பெயர். நோர்வூட், டன்பார், கிளென்டில்ட், மோரே என்று படம் முழுக்கத் துரைமாரின் ஊர்கள். படம் 'டல்ஹவுசி' என்று எழுதும் இடத்தை நாம் நல்லதண்ணி என்கிறோம். அது 'அப்கொட்' என்பதை நாம் சாமிமலை என்கிறோம். துரைமாருக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. பேர்கசன் டிரெக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலும் சேர்த்து அச்சிட்டார்கள். தமிழ்ப் பெயரைச் சொன்னால்தான் தொழிலாளிக்கு வழி தெரியும்! ஓரங்குலப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் போய் விசாரித்தால் பாதி இடம் விளங்காது. டிரெக்டரியையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஹட்டனில் உள்ள மல்லியப்பு என்ற பெயர், கோப்பிச் செடி பூத்து மலை முழுக்க மல்லிகைபோல் வெளுத்து மணத்த காலத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த ஸ்கொட்லாந்துப் பெயர்களுக்கு நடுவே மஸ்கெலியாவில் மொக்கா என்று ஒரு தோட்டம் இருக்கிறது. யெமனின் முகா துறைமுகம்தான் அது. உலகத்துக்குக் கோப்பி ஏற்றிய அரபுத் துறையின் பெயர், 1869இல் இலை நோய் தொடங்கிக் கோப்பி அழிந்த பிறகும், தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. அங்கே கொழுந்து பறிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் சமூகத்துக்கு இந்தப் படத்தில் உள்ள பங்கு பாதைகளில்தான். கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுத் தவளம் நடத்திய முஸ்லிம்கள் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் இராச ஊழியம் செய்ததை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கோப்பி வந்தபின் பாதைச் சந்திகளில் கடைவீதிகள் முளைத்தன. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வந்த சம்மான்காரர் அங்கே துணியும் அரிசியும் விற்றார்கள். குடிசன மதிப்பீடு அவர்களை 'இந்தியச் சோனகர்' என்று வேறாக எண்ணியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளியை அடித்த அதே அடியில் இவர்களிலும் பலரைக் கடதாசி தேடி அலைய வைத்தது.

இங்கே திகதிகளைச் சற்றுச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, 1,50,000 பேர் பற்றிய முடிவு பின்னர் என்று ஒதுக்கப்பட்டது. மவுசாகலை நிரம்பியது 1969. ஊர் தண்ணீருக்குள் போனதும் ஊரை அறிந்தவர்கள் கப்பலேறத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம். மற்ற ஊர்களில் கட்டடம் போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், 'இங்கதான் இருந்திச்சு' என்பார். பழைய மஸ்கெலியாவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரில் பலர் திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். அதனால்தான் படத்தில் உள்ள ஒரு சிறு கட்டமும் இங்கே சாட்சியாகிறது.

படம் நமக்குப் பிடித்த கதையைக் கேள்வி கேட்கவும் செய்யும். இப்னு பதூதா 1344இல் பாவா ஆதம் மலைக்கு ஏறினார். பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகளைச் சொல்கிறார். மாமா வழி இலேசானது. ஹட்டன் – நல்லதண்ணிப் பாதையே அந்த மாமா வழி என்று நம்மவர்கள் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். பதூதா இலேசான வழியால் இறங்கியபின் தீனவர், அதாவது தெய்வேந்திரமுனை, பிறகு காலி, கொழும்பு என்று போகிறார். சமவுயரக்கோடுகளைப் பாருங்கள். நல்லதண்ணியில் இறங்குகிறவர் மலைக்கு வடகிழக்கே இறங்குகிறார். தெய்வேந்திரமுனை தெற்கே கடலோரம். அங்கே போக வேண்டியவர் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஒரு மலைத்தொடரைச் சுற்றிப் போனார் என்று காட்ட முடிந்தால் காட்டட்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹட்டன் பாதைக்குப் பதூதாவின் பெயர் இல்லாமலே போதிய பெருமை உண்டு.

இப்போது நாங்கள் செய்வது இது. ஓரங்குலப் படத்தின் மஸ்கெலியாப் பகுதியைப் பெரிதாக்கி, மேலே டிரேஸிங் தாள் விரித்து, பழைய ஊரில் இளமையைக் கழித்தவர்களிடம் கொண்டுபோகிறோம். ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் காட்டுவதில்லை. கடை வரிசையும் தவறணையும் பள்ளிவாசலும் இருவர் வாயில் ஒரே இடத்தில் வந்தால் பென்சிலால் குறிக்கிறோம், மூன்றாமவரும் சொன்னால் மையால். எழுபத்தைந்தைக் கடந்த ஒரு ஹாஜியார் படத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "பள்ளியில இருந்து ஆத்துக்கு எறங்குற படி இதுல இல்லையே மகன்" என்றார். படத்தில் இல்லைதான். அந்தப் படி இப்போது பென்சிலில் இருக்கிறது. டிடெக்டர் வாங்கியவரின் மச்சினன்தான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இதை வாசிக்கும் குடும்பங்களில் 1969க்கு முந்திய மஸ்கெலியாக் கடைக் கணக்குப் புத்தகமோ, அந்த முகவரி எழுதிய கடிதமோ, கலியாண அழைப்போ, கடை வாசலில் நின்று எடுத்த போட்டோவோ இருந்தால் இந்தச் சஞ்சிகைக்கு அறிவியுங்கள். இந்தியாவில் உள்ள உறவினரிடமும் கேட்டுப் பாருங்கள். அசலை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். போட்டோவில் பின்னால் மலை தெரிந்தால் அதை வெட்டாமல் அனுப்புங்கள். மலையின் உருவத்தை வைத்து எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று கண்டுபிடிக்கலாம்.