தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம், புணே
புணே நகரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்க ராக்பெல்லர் ஸ்தாபனமும் கூடி 1952-ல் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தோற்றுவிக்க, 1978-ல் இன்றைய நாமத்தை எய்திய இந்நிறுவனத்தின் கீர்த்திக்கு மூலகாரணம் குரங்குகளின் சாவே எனலாம். 1957-ல் மைசூர் ராஜ்யத்துச் சிவமொக்கா ஜில்லாவின் கியாசனூர் வனத்தில் குரங்குகள் மடிந்து விழ, விறகு பொறுக்கப் போன கிராமவாசிகளும் கடுஞ்சுரத்தில் வீழ்ந்து, மஞ்சட் காய்ச்சலோ என்ற பீதி பரவிய வேளையில், இந்நிலையத்தார் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்து, கடுகளவே உள்ள இளம் உண்ணியும் அதனைக் கடத்தவல்லது என நிரூபித்தனர். இந்தியாவில் கோவிட்-19 கொரோனா வைரஸை முதன்முதல் பிரித்தெடுத்ததும், 2020-ல், இங்கேதான்.