கோட்டுரு

தரவுகளுக்கிடையிலான இணைப்புகளைக் கணினியால் தேடி ஆராயும் 'கிராஃப் மைனிங்' என்பதை 'வரைபடச் சுரங்கம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வரைபடம் என்றதும் ஊரும் ஆறும் காட்டும் மேப்தான் கண்ணுக்கு வருகிறது. இங்கே பேசப்படுவதோ வெறும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். கிரேக்கத்தில் 'கிராஃபைன்' என்றால் முதலில் கீறுதல், பிறகு எழுதுதல். நம் 'எழுது'வும் ஓவியம் தீட்டுவதையும் குறித்த சொல்தான். 1878இல் ஆங்கிலக் கணிதர் சில்வெஸ்டர், அணுக்களின் பிணைப்பைக் காட்டும் வேதியியல் படங்களிலிருந்து 'கிராஃப்' என்ற பெயரை எடுத்துக் கணிதத்துக்குத் தந்தார். இணையத்தின் இணைப்புத் தரவும் ('லிங்க்டு டேட்டா') இத்தகைய அமைப்பே. 2006இல், வையவிரி வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கு நெறிகள் வகுத்தார். 'ஜெர்மனி, தலைநகர், பெர்லின்' என மும்மூன்றாகச் செய்திகள் கோக்கப்படுகின்றன. ஜெர்மனியும் பெர்லினும் புள்ளிகள், 'தலைநகர்' என்னும் உறவு கோடு. இப்படிப் புள்ளியும் கோடுமாய் அமைந்த 'கிராஃப்'புக்குக் 'கோட்டுரு' என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது, அழகாகவும் பொருந்துகிறது. பழந்தமிழில் 'கோடு' வளைவு, கொம்பு, மலையுச்சி, மரக்கிளை என விரிந்த சொல். கிளை என்ற பொருளை நினைத்தால், புள்ளிக்குக் 'கணு' என்பதும் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'மைனிங்'தான் சிக்கல். அகழ்தல் ஓரிடத்தில் கீழ்நோக்கித் தோண்டுவது. கிராஃப் மைனிங் செய்யும் கணினி வழிமுறைகளோ கணுவிலிருந்து கணுவுக்குத் தாவி, எது மையம், எவை ஒரு கூட்டம், எந்தக் கோடு விடுபட்டிருக்கிறது என்று தேடுகின்றன. துருவித் துருவிக் கேட்டான் என்கிறோமே, அந்தத் துருவல் இதற்கு நெருக்கம். நான் 'கோட்டுருத் துருவல்' என்றே எழுதப்போகிறேன்.